உன் லைசென்ஸ் இங்கேதான் இருக்கிறது

பாளையங்கோட்டை
23.11.2025, ஞாயிறு

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருக்க நெல்லையப்பரை வேண்டிக்கொள்கிறேன். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. போனில் பேசலாம்தான். பேசினால் என் பக்கத்தில் அம்மா நிற்பாள், உன் பக்கத்தில் யார் நிற்பார்களோ தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். பீரோவில் பட்டுப்புடவை அடுக்குக்குக் கீழே உன் டிரைவிங் லைசென்ஸ் கிடக்கிறது. சித்திரையில் கோயில் கொடைக்கு வந்தபோது நீ கைப்பையை மாற்றினாயே, அப்போது விட்டுப்போயிருக்க வேண்டும். அம்மா வைகாசியிலேயே பார்த்துவிட்டாள். "அவளே கேப்பா, அப்போ குடுத்து விடுவோம்" என்றாள். நீ கேட்கவில்லை. ஏழு மாதம் ஆகிறது. போனிலேயே டிஜிலாக்கரில் இருக்கிறது, அட்டை எதற்கு என்பாய். சரிதான். ஆனாலும் ஒரு டிரைவர் மகள் ஏழு மாதமாக லைசென்ஸைத் தேடவே இல்லை என்பது எனக்கு என்னவோ செய்கிறது.

அடுத்தது வண்டி விஷயம். பொதுவாகச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. என்னோடு பஸ் டிப்போவில் இருந்த ஒருவர் தன் வேனை விற்றார். வாங்கியவன் நல்ல பையன், தெரிந்த குடும்பம். பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டார். பெயர் மாற்றுவதை அவனே பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிட்டார். எட்டு மாதம் கழித்து அந்த வேன் ஒரு ஆள் மேல் மோதியது. கோர்ட்டிலிருந்து சம்மன் இவர் வீட்டுக்குத்தான் வந்தது. ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர், சட்டத்துக்கு வேறு எதுவும் தெரியாது. 29-ஆம் நம்பர் படிவம், 30-ஆம் நம்பர் படிவம் இரண்டிலும் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது, ஆர்.டி.ஓ. ஆபீஸில் பெயர் மாறியதைக் கண்ணால் பார்க்க வேண்டும். இன்சூரன்ஸும் மாற வேண்டும். யாருக்காவது உதவும் என்று சொல்கிறேன். மாப்பிள்ளையிடமும் பேச்சுவாக்கில் சொல்லி வை.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், உங்கள் காரின் ஃபாஸ்டாக் இன்னும் என் போன் நம்பரில்தான் இருக்கிறது. 2020 ஜனவரியில் ஷோரூமில் வண்டி எடுத்தபோது என் நம்பரைக் கொடுத்தேன், அதை யாரும் மாற்றவில்லை. மாற்றாதது எனக்கு நல்லதாகப் போயிற்று. நீங்கள் ஊருக்குக் கிளம்பினால் பரனூர் டோல்கேட்டில் காசு பிடிக்கும்போதே எனக்கு மெசேஜ் வந்துவிடும். அப்புறம் ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி. சமயபுரம் வந்தால் அம்மாவிடம் சொல்வேன், அவள் ஆத்தாளுக்கு ஒரு கும்பிடு போடுவாள். கப்பலூர் வந்தால் இட்லித் தட்டை எடுத்துத் துடைப்பாள். சாலைப்புதூர் மெசேஜ் வந்ததும் நான் சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய்விடுவேன். உனக்கு இது தெரியாது. நான் எதேச்சையாக அங்கே நிற்கிறேன் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருப்பாய். இருப்பு குறைந்தால் 500 ரூபாய் நானே போட்டுவிடுவேன். ஆகஸ்ட்டில் 3,000 ரூபாய்க்கு 200 பயணம் என்று வருஷ பாஸ் வந்ததே, தீபாவளிக்கு முன்னால் அதை எடுத்துக் கொடுக்கலாமா என்றுகூடக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

தீபாவளிக்கு நீங்கள் வந்தே பாரத்தில் வந்தீர்கள். எட்டு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது, குழந்தைக்கும் அலைச்சல் இல்லை, நல்லதுதான். வண்டி எங்கே என்று கேட்டதற்கு "சர்வீஸுக்கு விட்டிருக்குப்பா" என்றாய். சொல்லிக்கொண்டே பேரனின் சட்டைப் பொத்தானைப் போட்டாய். அது ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது.

போன புதன்கிழமை ராத்திரி 2 மணி 10 நிமிஷத்துக்கு கிருஷ்ணகிரியிலிருந்து மெசேஜ் வந்தது. கொஞ்ச நேரத்தில் அத்திப்பள்ளி. பெங்களூருக்கு இந்நேரத்தில் எதற்குப் போகிறார்கள், குழந்தைக்கு ஏதாவதா, யாருக்கு என்ன என்று எனக்குக் கை நடுங்கிவிட்டது. அம்மாவை எழுப்பவில்லை. விடியும்வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எட்டரைக்கு உன்னைக் கூப்பிட்டேன். "ஆபீஸ் போய்க்கிட்டிருக்கேன்ப்பா, என்ன விஷயம்" என்றாய். பின்னால் அடுத்த நிலையம் கிண்டி என்று மெட்ரோவில் சொன்னது எனக்கும் கேட்டது. சும்மாதான் கூப்பிட்டேன் என்று வைத்துவிட்டேன்.

அந்த ஃபாஸ்டாக்கை மூடச் சொல்லி பேங்குக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். இன்னும் கொடுக்கவில்லை.

விற்றது தப்பு என்று நான் சொல்லவில்லை பாப்பா. சென்னையில் வண்டி வைத்திருப்பது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். நங்கநல்லூரில் உங்கள் தெருவில் ஒரு வண்டி நிறுத்தினால் அடுத்த வண்டி திரும்ப முடியாது. மெட்ரோ பக்கத்தில் இருக்கிறது. அவசரத்துக்குப் போனில் கூப்பிட்டால் வாசலில் வண்டி நிற்கிறது. 2019 செப்டம்பரில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சென்னையில் பேசும்போதே சொன்னார், இந்தக் காலத்துப் பிள்ளைகள் மாதத் தவணைக்கு வண்டி வாங்குவதைவிட ஓலா, ஊபர், மெட்ரோ போதும் என்று நினைக்கிறார்கள், கார் விற்பனை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று. அன்றைக்கு டிப்போ வாசல் டீக்கடையில் அதை வைத்து ஒரு மணி நேரம் வாக்குவாதம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் மகள் 23 வயதில் கார் வாங்கினவள் என்று சொன்னேன். அது சும்மா பெருமை.

என் கூட வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளைப் பார்க்கிறேன். படிக்கும்போது பைக். வேலை கிடைத்ததும் கம்பெனி கேப், பைக் வீட்டில் தூசி பிடிக்கும். கல்யாணத்துக்கு அப்புறமும் இரண்டு வருஷம் கார் வேண்டாம் என்பான். குழந்தை பிறந்து தடுப்பூசி போட ஆட்டோவில் போய் வந்த ஒரே மாதத்தில் கார் புக் பண்ணிவிடுவான். அப்புறம் பள்ளிக்கூடம், அப்புறம் தாய் தகப்பனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக. இப்படித்தான் போகிறது. குழந்தை பிறந்தால் வாங்குவார்கள். இரண்டரை வயசுப் பிள்ளையை வைத்துக்கொண்டு விற்கிறவர்களை நான் பார்த்ததில்லை. என் மனசு அங்கேதான் போய் நிற்கிறது. ஐ.டி. கம்பெனிகளில் ஆள் குறைக்கிறார்கள் என்று பேப்பரில் வேறு வருகிறது. அம்மா பெயரில் டெபாசிட் ஒன்று தை மாதம் முதிர்கிறது. சும்மா தகவலுக்குச் சொன்னேன்.

பணத்தை விடு. பணம் வரும் போகும். எனக்கு வேறு ஒன்று. 2023-இல் குழந்தைக்கு ஐந்தாம் மாதம் உன்னைச் சென்னையில் கொண்டுவந்து விட்டுவிட்டு நாங்கள் திரும்பி பத்து நாளில் மிக்ஜாம் புயல் மழை. கைப்பிள்ளையை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, நீதான் ராத்திரியோடு ராத்திரியாக வண்டியைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தினாய். முழங்கால் தண்ணீரில் நடந்து திரும்பினாய். அதை மாப்பிள்ளையே பெருமையாகச் சொன்னார். அதற்கு அப்புறம் நீ ஸ்டியரிங் பிடித்து நான் பார்க்கவில்லை. அந்தப் பொங்கலுக்குப் பின்சீட்டில் வந்தாய், குழந்தைக்காக என்று நினைத்தேன். அடுத்த பொங்கலுக்கும் பின்சீட்டு. இந்தச் சித்திரைக்குக் குழந்தை பெல்ட் போட்ட தனி இருக்கையில் தூங்கியது, மாப்பிள்ளை கண்ணைக் கசக்கிக் கசக்கி ஓட்டிவந்தார், அப்போதும் நீ பின்சீட்டில்தான். இறங்கினதும் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

உனக்கு பயம் என்பது கிடையாது. பாபநாசம் லைனில் நான் ஓட்டும்போது இன்ஜின் பெட்டி மேல் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்து வந்தவள் நீ. 18 முடிந்ததும் நண்பரின் மாருதி 800-ஐ வாங்கி உனக்குப் பழக்கினேன். ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தின் ஏற்றத்தில் நடுவில் நிறுத்தச் சொல்லி, ஹாஃப் கிளட்சில் ஒரு விரற்கடைகூடப் பின்னால் உருளாமல் எடு என்றேன். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான், நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் எடுத்தாய். ஆடிக் காற்றில் முப்பந்தலுக்குக் கூட்டிப்போனேன். கணவாய்க் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும்போது ஸ்டியரிங்கோடு சண்டை போடாதே, பிடியை மட்டும் விடாதே என்றேன். 32 வருஷ சர்வீஸில் எத்தனையோ பயிற்சி டிரைவர்கள் என்னிடம் வந்தார்கள். ஒரே தடவை சொல்லிப் புரிந்துகொண்டது நீ ஒருத்திதான்.

2017-இல் உன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பழைய சிவப்பு ஆல்டோ வாங்கினாய். 2018 பொங்கலுக்கு அதில் தனியாக வந்தாய். 630 கிலோமீட்டர். நான் லீவு போட்டுவிட்டு வண்ணார்பேட்டையில் மத்தியானத்திலிருந்து நின்றேன். நீ வந்து இறங்கினதும் நான் என்ன செய்தேன் என்று ஞாபகம் இருக்கிறதா? பானட்டைத் தூக்கிப் பார்த்தேன். டயரை மிதித்துப் பார்த்தேன். "கிளட்ச்ல கால வச்சுக்கிட்டே ஓட்டியிருக்க" என்று திட்டினேன். உன் முகம் சுண்டிப்போயிற்று. அன்றைக்கு ராத்திரி டிப்போவுக்குப் போய் ஒவ்வொருத்தரிடமும் சொன்னேன். உன்னிடம் சொல்லவில்லை.

இப்போது எழுத வந்ததே வேறு எதற்கோ. பேனா இங்கே வந்து நின்றுவிட்டது, எழுதிவிடுகிறேன்.

கல்யாணம் நிச்சயமானதும் அந்த ஆல்டோவை விற்கச் சொன்னது நான். "வேண்டாம்ப்பா, இதையே எடுத்துட்டுப் போறேன்" என்றாய். "பழைய வண்டியில போய் இறங்குனா அவங்க வீட்ல என்ன நெனப்பாங்க" என்றேன். சரி, புது வண்டி வாங்கினால் என் பெயரில் வாங்குங்கள் என்றும் ஒரு தடவை கேட்டாய். ஒரே தடவைதான் கேட்டாய். நான் பதில் சொல்லாமல் எழுந்து போனேன். மாப்பிள்ளை வீட்டில் கார் கேட்டார்கள் என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்கவே இல்லை பாப்பா. சம்பந்தி, "எதுக்கு அண்ணாச்சி இதெல்லாம்" என்றுதான் சொன்னார். நானாகத்தான் செய்தேன். 32 வருஷம் காக்கிச் சட்டை போட்டு ஊரார் வண்டியை ஓட்டினவன். சொந்தமாக ஒரு கார் வைத்திருந்ததில்லை. மண்டப வாசலில் ரிப்பன் கட்டி ஒரு புது வண்டி நிற்க வேண்டும், அதை என் டிப்போ ஆட்கள் பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை. உன் ஆல்டோ விற்ற 1,40,000 ரூபாயும் என் கிராஜுவிட்டியும் சேர்ந்துதான் அந்த வண்டி. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு சாவியை வைத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தேன். நீ பக்கத்தில் மாலையோடு நின்று அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பார்க்காத மாதிரி போட்டோக்காரர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அது உன் வண்டியாக இருந்திருந்தால், விற்றபோது நீ என்னிடம் சொல்லியிருப்பாயோ என்று தோன்றுகிறது. யாருடைய வண்டியோ போனது, அதை எதற்கு அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டாயோ. மாப்பிள்ளை நல்லவர். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ ஓட்டாமல் போனதற்கு அவர் காரணமா, நீயே போதும் என்று விட்டாயா, இல்லை ஏதாவது ஒரு நாள் ரோட்டில் ஏதாவது நடந்து பயந்துவிட்டாயா, எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஆரம்பித்து வைத்தவன் நான்.

அம்மா பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கட்டி வைத்திருக்கிறாள், தனியாக பார்சலில் வரும். பேரனுக்கு இருமல் என்றாயே, வெளியே குளிர்ந்த தண்ணீர் கொடுக்காதே. ஆர்.சி. பெயர் மாறிவிட்டதா என்று மறக்காமல் பார்க்கச் சொல்.

லைசென்ஸை இந்தக் கவருக்குள்ளேயே வைத்து நாளைக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். 2012-இல் எடுத்தது, 2032 வரைக்கும் இருக்கிறது. போட்டோவில் இரட்டைச் சடை போட்டிருக்கிறாய். பழைய வண்டி ஒன்று உன் பெயரில் பார்க்கலாமா என்று கேட்க ஆசை, இப்போது கேட்கவில்லை. வந்து சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல்லு. ராத்திரி எந்நேரமானாலும் கூப்பிடு. இப்போதெல்லாம் இரண்டு மணிக்கும் முழித்துத்தான் இருக்கிறேன்.

உன்
அப்பா