8 'பி'க்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

கல்வியாண்டு முடிந்தது; மதிப்பெண் பட்டியலையும் ஒப்படைத்தாயிற்று. இந்த ஆண்டு 8 'பி' ஒழுங்காக நடந்தது என்று பலரும் என்னிடம் சொல்கிறீர்கள். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, யாரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதை எல்லோர் முன்னாலும் சொல்லிவிடத்தான் இந்த மடல்.

முதல் நன்றி பக்கத்து வகுப்பு கணக்கு டீச்சருக்கு. உங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டபோது, "தாராளமா வாங்க. பாடத்தை விட்டுடுங்க, நான் எங்க நிக்கிறேன்னு மட்டும் பாருங்க" என்றீர்கள். பார்த்தேன். பிள்ளைகள் உள்ளே நுழையும்போதே பலகையில் ஒரு கணக்கு காத்திருக்கிறது. அரட்டைக்கு இடமே இல்லாமல் நோட்டு திறக்கிறது. பலகையில் எழுதும்போதும் உங்கள் பாதி முகம் வகுப்பின் பக்கம்தான். மூன்றாம் வரிசையில் இருவர் கிசுகிசுத்தார்கள். விளக்கிக்கொண்டிருந்ததை நிறுத்தாமலே நடந்துபோய் அவர்கள் மேசை ஓரத்தில் இரண்டு விரலை வைத்தீர்கள். பேச்சு நின்றது. முன்வரிசைக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 1970இல் எழுதியதைப் பிறகு படித்தேன். குறும்பு நடந்தபின் ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதை வைத்து நல்ல வகுப்பையும் கலைந்த வகுப்பையும் அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அது கிளம்பும் முன்பே கவனிக்கிறாரா, பாடம் தடைபடாமல் ஓடுகிறதா என்பதில்தான் வித்தியாசம் இருந்தது. டீச்சர், அந்த இரண்டு விரலைப் பார்த்திராவிட்டால் எனக்கு இது வெறும் பி.எட். பாடமாகத்தான் இருந்திருக்கும்.

அறிவியல் சார், "கேள்வி கேட்டதும் மனசுக்குள்ள மூணு எண்ணுங்க" என்று நீங்கள் சொன்னது சின்ன விஷயம் போலத்தான் இருந்தது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970களில் அளந்து பார்த்ததும் இதைத்தான்: ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது சுமார் ஒரு விநாடி. அதை மூன்று விநாடியாக்கினால் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். சொல்வது சுலபம், வகுப்பு முன்னால் நிற்பவருக்கு அந்த மூன்று விநாடி எவ்வளவு நீளம் என்பது நின்றவருக்குத்தான் தெரியும்.

தலைமையாசிரியை அம்மாவுக்கு ஒரு தனி வணக்கம். "குறும்பு பண்றவனை என் ரூமுக்கு அனுப்பினா, அவன் மேல உங்களுக்கு இருக்கிற அதிகாரத்தையும் சேர்த்து அனுப்புறீங்க" என்று ஆண்டின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டீர்கள். அதோடு விடாமல், நான் ஒரு பையனோடு வராந்தாவில் நின்று தனியாகப் பேச வேண்டியிருந்தபோதெல்லாம் வகுப்பை நீங்களே பார்த்துக்கொண்டீர்கள். எல்லோர் எதிரிலும் திட்டு வாங்கிய பிள்ளை நண்பர்கள் முன் தோற்கமாட்டான், எதிர்த்துத்தான் பேசுவான். தனியாகக் கேட்டால் அதே பிள்ளை காரணத்தைச் சொல்லிவிடுகிறான்.

அந்தப் பையனிடம் தினமும் இரண்டு நிமிஷம், பத்து நாள் விடாமல், படிப்பும் நடத்தையும் தவிர வேறு எதையாவது பேசிப் பாருங்கள் என்ற யோசனை நூலகர் அம்மா கொடுத்தது. முதல் சில நாள் "ம்", "இல்ல மிஸ்" இவ்வளவுதான் பதில். பிறகு ஒருநாள் சைக்கிள் செயின் ஏன் கழன்றுகொள்கிறது என்று எனக்குப் பாடம் எடுத்தான். அதன்பின் அவன் சாது ஆகிவிட்டான் என்று சொன்னால் அது கதை. ஆனால் "உட்காருப்பா" என்று ஒருமுறை சொன்னால் போதும் என்ற நிலை வந்தது. எனக்கு அது பெரிய லாபம்.

விளையாட்டு ஆசிரியர், தண்டனை என்ற பெயரில் யாருடைய விளையாட்டு பீரியடையும் பிடுங்க விடமாட்டேன் என்று எங்கள் எல்லோரிடமும் சண்டை போட்டார். அவர் பக்கம்தான் நியாயம். அலுவலக உதவியாளர் அக்கா, "இன்னைக்கு அந்தப் பொண்ணு அழுதுட்டே வந்துச்சு, பாத்துக்கோங்க" என்று காதோடு சொல்லிப் போனது ஒரு நாளல்ல.

பெற்றோருக்கு: போன் செய்தால் "என்ன பண்ணிட்டான்?" என்றுதான் ஆரம்பித்தீர்கள். "ஒண்ணும் பண்ணல, இன்னைக்குப் பக்கத்துல இருந்த பிள்ளைக்குப் பின்னம் சொல்லிக் கொடுத்தான்" என்றபோது மறுமுனையில் ஒரு அம்மா சற்று நேரம் பேசவே இல்லை. பின்னால் குறை சொல்ல வேண்டி வந்தபோதும் பொறுமையாகக் கேட்டீர்களே, அதற்கு நன்றி.

கடைசியாக, பிள்ளைகளே. வகுப்பு விதிகளை நீங்களே எழுதி, "ஆசிரியரும் கத்தக்கூடாது" என்று ஐந்தாவதாகச் சேர்த்தீர்கள். சுவரில் ஒட்டியபின் நானும் கட்டுப்பட்டுத்தானே ஆக வேண்டும்!

அடுத்த ஆண்டு உங்களை எடுக்கப்போகும் ஆசிரியருக்காகப் பெயர்ப் பட்டியலின் ஓரத்தில் சில குறிப்புகள் எழுதியிருக்கிறேன். யாருக்கு எது வரும், யாரிடம் காலையில் கேள்வி கேட்கக்கூடாது, யார் சிரித்தால் வகுப்பே சிரிக்கும் என்று. புகார் ஒன்றுகூட அதில் இல்லை.

நன்றியுடன்,
8 'பி' வகுப்பாசிரியை