பல்லேடியம் ‘அச்சு’ அசையாமல் நிற்பதில்லை

ஆசிரியருக்கு,

தங்கள் அறிவியல் இணைப்பில் வந்த கட்டுரை, கைரல் (தன் ஆடிப் பிம்பத்தோடு பொருந்தாத, வலக்கை-இடக்கை வடிவமுள்ள) பல்லேடியம் வினையூக்கியை ‘ஒரு கை மூலக்கூறை மட்டும் வார்க்கும் அச்சு’ என்கிறது. கரைசலில் அந்த அச்சு ஒரே நிலையில் நிற்பதே இல்லை.

பாஸ்பரஸாலும் நைட்ரஜனாலும் பல்லேடியத்தைப் பிடிக்கும் பாக்ஸ் (PHOX) ஈந்தணைவியையே, அதாவது உலோகத்தோடு பிணையும் மூலக்கூறையே, பாருங்கள். அதன் அணைவுச் சேர்மத்தில் வினைபடும் மூன்று கார்பன் துண்டான அல்லைல் தொகுதி, அதன் நடுக் கார்பன் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்து, எக்ஸோ, எண்டோ என இரு விதமாக அமரும். ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டும் இருக்கும். எக்ஸோவும் எண்டோவும் 90:10 இருக்கையில் விளைபொருளின் வலக்கை, இடக்கை வடிவங்கள் 99:1 ஆக வரலாம். நியூக்ளியோஃபைல் (எலக்ட்ரான் தந்து அல்லைலோடு பிணையும் வினைபொருள்) தாக்குவதைவிட எக்ஸோ-எண்டோ மாற்றம் வேகமாக நடந்தால், கரைசலில் எது அதிகம் என்பதை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. எந்தப் பாதையில் ஆற்றல் தடை குறைவோ அதுவே வெல்லும்.

மாற்றம் எவ்வழி நடக்கிறது என்பதை என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) நிறமாலை காட்டிக்கொடுக்கும். அல்லைலின் முனைக் கார்பனில் உள்ள இரு ஹைட்ரஜன்களில், நடுக் கார்பனின் ஹைட்ரஜன் இருக்கும் பக்கம் இருப்பது சின், எதிர்ப்பக்கம் இருப்பது ஆன்ட்டி. இருபரிமாண பரிமாற்ற நிறமாலையில் சின் ஹைட்ரஜனுக்கும் ஆன்ட்டி ஹைட்ரஜனுக்கும் இடையே, அவை இடம் மாறுவதைக் காட்டும் குறுக்கு முகடு வந்தால், அல்லைலின் ஒரு முனை கழன்று, மறுமுனைக் கார்பனைச் சுற்றிச் சுழன்று, மீண்டும் ஒட்டுகிறது. சின் சின்னோடு மட்டும் மாறினால், அல்லைல் முழுதாகத் திரும்பியதுபோலத் தோன்றும் வேறு வழி. பெரும்பாலும் நைட்ரஜன் பிடி தற்காலிகமாக விடுவதாலோ, குளோரைடு வந்து ஒட்டுவதாலோ நிகழ்வது.

அந்தக் குளோரைடுதான் பலரை ஏமாற்றுகிறது. குளோரைடு பாலமிட்ட இரட்டைப் பல்லேடியம் சேர்மமான குளோரோ டைமரிலிருந்து தயாரிக்கும்போது, குளோரைடை நீக்கச் சேர்க்கும் வெள்ளி உப்பு சற்றுக் குறைந்தாலும் குளோரைடு எஞ்சும். மிகச் சிறிதளவு இருந்தாலே அது பரிமாற்றத்தை முடுக்கிவிடும். ஒரே சேர்மம், இரண்டு தயாரிப்பு, இரண்டு விதமான நிறமாலை என்று குழம்புவது இதனால்தான்.

இன்னொரு பொறி: இவ்வளவு பெரிய மூலக்கூறைக் குளிர்வித்தால் அது மெதுவாக உருளும், அப்போது என்.ஓ.இ. முகடுகளும் (இடம் மாறாமல் வெறுமனே அருகருகே உள்ள ஹைட்ரஜன்களைக் காட்டுபவை) பரிமாற்ற முகடுகளைப் போலவே, நிறமாலையின் மூலைவிட்டத்தில் உள்ள முகடுகளின் நேர் அல்லது எதிர்க் குறியிலேயே வரும். ரோஸி (ROESY) என்ற மற்றொரு இருபரிமாண என்.எம்.ஆர். சோதனையில் இரண்டும் எதிரெதிர்க் குறியில் பிரிந்துவிடும். அதைச் செய்யாமல் பரிமாற்றம் என்று எழுதக் கூடாது. குளிர்விக்க, ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள டைகுளோரோமீத்தேன் கரைப்பானே ஏற்றது; குளோரோஃபார்ம் மைனஸ் 63 டிகிரியிலேயே உறைந்துவிடும்.

வேகத்துக்குச் சுலபக் கணக்கு உண்டு. 40 ஹெர்ட்ஸ் இடைவெளியில் நின்ற இரு முகடுகள் 25 டிகிரியில் ஒன்றாகக் கலந்தால், 40ஐ 2.22 ஆல் பெருக்க, நொடிக்கு ஏறத்தாழ 89 முறை. தடை மோலுக்குச் சுமார் 62 கிலோஜூல். ஆனால் இது சம அளவில் உள்ள இரு நிலைகளுக்கே பொருந்தும். 90:10 கலவைக்கு முகட்டு வடிவத்தை முழுதாகப் பொருத்தியே கணக்கிட வேண்டும்.

இப்படிக்கு,
கரிம உலோக வேதியியல் ஆசிரியர் ஒருவர்