மாடியில் சோலார் இருந்தும் வெந்நீர் இல்லை: பெங்களூரு ஹலசூரிலிருந்து மூன்றாவது மனு

உதவிச் செயற்பொறியாளர் அவர்களுக்கு,

ஐயா, வணக்கம். ஆகஸ்டில் ஒரு மனு, நவம்பரில் ஒரு மனு கொடுத்தோம், பதில் இல்லை. மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் 16 வீடுகளும் உங்களுக்குத் தெரிந்தவைதான். கன்னட நகலும் இதோடு இருக்கிறது. உங்களுக்குத் தமிழ் படிக்க வரும் என்றார்கள், அதனால் மனதில் இருப்பதை இதில் எழுதுகிறேன்.

1. மொட்டைமாடியில் வெந்நீருக்கான சோலார் ஓடி இரண்டு வருடமாகிறது. போர் தண்ணீரின் உப்பு படிந்து செம்புக் குழாய்கள் அடைத்துக்கொண்டன. சுத்தம் செய்து கொடுங்கள், முடியாதென்றால் கண்ணாடிக் குழாய் வகை போடுங்கள், அது உப்பைக் கொஞ்சம் தாங்கும்.

2. இப்போது எல்லா வீட்டிலும் வாளித் தண்ணீரைக் கரண்டில் சூடாக்கும் ராடுதான். ஒற்றை அறை வீடு ஐயா. விடிகாலை நாலரைக்கு வாளியில் ராடைப் போட்டுவிட்டு, தூங்குகிற பிள்ளைகள் எழுந்து அந்தப் பக்கம் வந்துவிடுவார்களோ என்று காவல் உட்கார்ந்திருக்கிறோம். ஒரு வாளிக்கு அரை மணி, ஐந்து பேர் குளித்து முடிக்க இரண்டரை மணி. போன மாதம் இரண்டாம் மாடியில் ஆறு வயதுக் குழந்தை, சூடாகிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்த்திருக்கிறாள். ஷாக் அடித்துத் தூக்கிப் போட்டது. பிழைத்துவிட்டாள், ஆனால் வாளியைப் பார்த்தாலே இன்றும் அழுகிறாள். அவள் அம்மா அன்றிலிருந்து பிள்ளையைப் பச்சைத்தண்ணீரில்தான் குளிப்பாட்டுகிறார், டிசம்பர் குளிரில்! இன்னும் என்ன நடந்தால் ஐயா நீங்கள் படியேறி வருவீர்கள்?

3. கரண்ட். 20 லிட்டர் சூடாக அரை யூனிட்டுக்கு மேல் ஆகிறது, ஐந்து வாளிக்கு மாதம் கிட்டத்தட்ட 90 யூனிட். அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியில் மாதம் 200 யூனிட் தாண்டினால் மொத்த பில்லும் நம் தலையில்.

4. ஆபீசில் "ஆளுக்கொரு கீசர் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார்கள். 2 கிலோவாட் கீசர் 16 வீட்டிலும் ஒரே நேரத்தில் ஓடினால் 32 கிலோவாட், இந்த வயரிங் தாங்குமா? வேண்டாம் ஐயா. சோலாரைச் சரிசெய்து, மழை மாதங்களுக்காக அந்த டேங்கோடு பொதுவாக ஒரு ஹீட் பம்ப் வைத்துக்கொடுங்கள். காற்றில் இருக்கும் சூட்டை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுப்பதால் கீசர் இழுக்கும் கரண்டில் மூன்றில் ஒரு பங்கு அளவே போதும், நம் ஊர்க் குளிருக்கு நன்றாகவே ஓடும். அப்புறம், இறங்கும் குழாய்க்குச் சூடு காக்கும் உறை. அது இல்லாமல் சோலார் ஓடிய நாளிலேயே கீழ்வீட்டில் இரண்டு வாளி வீணான பிறகுதான் சூடு வந்தது.

5. சோலாரைச் சரிசெய்யுங்கள் ஐயா. மற்றது பிறகு வரட்டும், முதலில் அந்த ராடு எங்கள் வீட்டை விட்டுப் போக வேண்டும்.

இப்படிக்கு,
16 வீட்டார்