ஆறு மணி நேரத்தில் ஊட்டியா? வேண்டாம் சாமி

ஆசிரியருக்கு வணக்கம்.

கோவை ஏர்போர்ட்டில் அடுத்த விமானத்துக்கு ஐந்தாறு மணி நேரம் இருந்தால் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம், ஊட்டிக்கு ஒரு எட்டுப் போய் வந்துவிடலாம் என்று ஞாயிறு இணைப்பில் போட்டிருந்தீர்கள். எழுதியவர் எந்த ரோட்டில் போய் வந்தாரோ தெரியவில்லை. நான் குன்னூரில் 19 வருடமாக வாடகைக் கார் ஓட்டுகிறேன், வாரத்தில் நாலு நாள் ஏர்போர்ட் சவாரிதான், அதனால் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

கணக்கைப் பாருங்கள். பெட்டியை எடுத்து வெளியே வர அரை மணி. காளப்பட்டி, சரவணம்பட்டி, துடியலூர், காரமடை என்று மேட்டுப்பாளையம் வந்து சேர ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து குன்னூருக்கு 14 கொண்டை ஊசி வளைவு, முன்னால் லாரி எதுவும் மாட்டாமல் இருந்தால் ஒரு மணி நேரம், அப்புறம் ஊட்டிக்கு முக்கால் மணி. போக மூன்று, வர மூன்று, ஆறும் தீர்ந்தது. உள்நாட்டு விமானத்துக்கே ஒரு மணி நேரம் முன்னால் கவுண்டரை மூடிவிடுகிறார்கள், வெளிநாடு என்றால் மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்கிறார்கள். ஊட்டியில் காலை ஊன்றக்கூட நேரமில்லை.

உங்கள் கட்டுரையில் இ-பாஸ் (மலை ஏற ஆன்லைனில் எடுக்கிற அனுமதிச் சீட்டு) பற்றி ஒரு வரிகூட இல்லை. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் ஏற வேண்டும். என் வண்டி டி.என். 43, நீலகிரிப் பதிவு என்பதால் எனக்கு அது வேண்டாம், ஆனால் செக்போஸ்ட் வரிசை எல்லோருக்கும் ஒன்றுதான். கோடை சீசனில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதையாக வேறு ஆக்கிவிடுவார்கள், பாதியில் மனசு மாறினாலும் வண்டியைத் திருப்ப முடியாது.

போன பொங்கல் விடுமுறையில் நடந்ததைச் சொல்கிறேன். சென்னையில் இருந்து மதியம் இறங்கிய கணவன் மனைவி, இரவு சிங்கப்பூர் விமானம், எட்டு மணி நேரம் கையில் இருக்கிறது, ஊட்டி பார்த்தே ஆக வேண்டும் என்றார்கள். நேரம் பத்தாது சார் என்றேன், கேட்கவில்லை. கல்லாறு தாண்டியதுமே வண்டிகள் நிற்க ஆரம்பித்துவிட்டன. பர்லியாறு வருவதற்குள் அந்தம்மா செல்போனில் மணி பார்த்தது எத்தனை தடவை என்று எனக்கே எண்ணத் தோன்றியது. எதிரே இறங்கி வந்த பஸ்ஸின் பிரேக் வாடை கார் முழுக்க அடிக்க, அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு இன்னும் எத்தனை வளைவு என்றார். ரோட்டோரப் பலகையைக் காட்டினேன். மரப்பாலம் தாண்டும்போது மணி மூன்றே முக்கால். "அண்ணா, திருப்பிடுங்க" என்று அவர்தான் சொன்னார், வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திருப்பினேன். ஆனால் நேராக ஏர்போர்ட்டுக்குப் போகவில்லை, மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன். மதியம் இரண்டு மணிக்கு ஊட்டியில் கிளம்புகிற மலை ரயில் ஐந்தரை மணி வாக்கில் அங்கே வந்து சேரும். இந்த ரயிலில் ஒரு விஷயம், எந்தப் பக்கம் போனாலும் நீராவி இன்ஜின் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும். ஏறும்போது பின்னால் இருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று பெட்டிகளைத் தாங்கும். தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த கம்பி, அதில் இன்ஜினின் பல்சக்கரம் கடித்துக்கொண்டு போகும், 1899-ல் குன்னூர் வரைக்கும் ஓட ஆரம்பித்த காலத்தில் இருந்து இதே கதைதான். அன்றைக்கு ரயில் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. கீழே அவ்வளவு புழுக்கத்திலும் ஸ்வெட்டரைக் கழற்றாமல் இறங்கிய கூட்டத்தையும், இன்ஜினுக்கு அடியில் இருந்து புஸ்ஸென்று வந்த ஆவியையும் பார்த்து அந்த மனுஷர் முதல் தடவையாகச் சிரித்தார். திரும்பும் வழியில் ரோட்டுக்கடையில் காளான் சாப்பிட்டோம். (பேர்தான் காளான், பாதிக்கு மேல் முட்டைக்கோஸ், அதுவும் எங்கள் மலையில் விளைந்ததாக இருக்கும்.) ஏழேகாலுக்கு ஏர்போர்ட்டில் விட்டேன்.

ஆறு மணி நேரம் இருக்கிறவர்களுக்கு மேட்டுப்பாளையம்தான் எல்லை, அதைத் தாண்ட வேண்டாம். போகிற வழியில் காரமடை அரங்கநாதர் கோயில் இருக்கிறது, உச்சி வேளையில் நடை சாத்திவிடுவார்கள், காலையில் என்றால் பார்க்கலாம். நாலு மணி நேரம்தான் என்றால் கோவைக்குள்ளேயே இருங்கள். அவிநாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு பேரில் கார் மியூசியம் இருக்கிறது, சவாரியை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே காத்திருப்பதற்குப் பதில் நானும் டிக்கெட் எடுத்து இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். வனக் கல்லூரி வளாகத்தில் 1902-ல் ஆரம்பித்த காஸ் வன அருங்காட்சியகம், அதில் பாடம் செய்த காட்டெருமை உண்டு. குன்னூர்க்காரனுக்கு அதைப் பார்க்க மியூசியம் தேவையில்லை, வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும், அது வேறு கதை. சாயங்காலம் என்றால் சிங்காநல்லூர் குளம், நீர்க்காகம் இறக்கையை விரித்து வெயில் காய்வதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம், ஏர்போர்ட்டும் தூரமில்லை.

எங்கள் மலைக்காரர்களுக்கும் இந்தக் காத்திருப்பு புதிதில்லை. மழைக்காலத்தில் எந்த இடத்தில் மரம் விழும், எங்கே மண் சரியும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் ராத்திரி விமானத்துக்குக் காலையிலேயே கீழே இறங்கிவிடுவோம். பெட்டியைக் காலுக்கு அடியில் வைத்துக்கொண்டு, ஒரே காபியை ஒரு மணி நேரம் குடிக்கிற பெரியவர்களை எத்தனையோ பேரை இறக்கிவிட்டிருக்கிறேன். அடுத்த தடவை எழுதும்போது இவர்களையும் மனசில் வைத்து, கோவையில் நாலு மணி நேரத்தில் எங்கே போகலாம், பெட்டியை எங்கே வைக்கலாம், எந்தப் பஸ் ஏறலாம் என்று போடுங்கள். ஊட்டிக் கட்டுரைக்கு ஒரு திருத்தமும் போட்டுவிடுங்கள். நேரமில்லாதவர்கள் சீக்கிரம் சீக்கிரம் என்று முதுகில் தட்டும்போது வளைவில் வண்டியைத் திருப்புவது நாங்கள்தான்.

இப்படிக்கு,
வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர்,
குன்னூர்.