பாப்பாவுக்கு, அந்த மஞ்ச லைட்டு விஷயமா

பாப்பா,

நேத்து ராத்திரி நீ போன்ல பேசுனதுலருந்து எனக்கு தூக்கம் இல்ல. கார்ல அந்த மஞ்ச செக் என்ஜின் லைட்டு எரியுது, கராஜ்ல ஒக்சிஜன் சென்சார் போயிருச்சு மாத்தணும்னு சொல்லிட்டாங்க, நாளைக்கே காசு ரெடி பண்ணணும்னு அழாத கொறையா சொன்ன. போன்ல வெளக்க வரல, அதான் உக்காந்து எழுதுறேன். பொறுமையா படிம்மா. காச இன்னும் குடுத்துடாத.

நம்ம பழைய வேன் ஞாபகம் இருக்கா, நீ ஏ.எல். பரீட்சை எழுதுன வருசம் அதுலயும் இதே லைட்டு தான் வந்துச்சு, ஸ்கேன்ல உனக்கு காட்டுன இதே 0131 கோட், அதாவது கம்ப்யூட்டர் பதியுற கோளாறு நம்பர். அன்னைக்கு ஒரு மெக்கானிக் பாஸ் ஸ்கேன் போட்டு பாத்துட்டு ஒக்சிஜன் சென்சார்னு சொன்னாரு, நானும் வேற ஒண்ணும் கேக்காம உன் டியூஷனுக்கு வச்சிருந்த காச எடுத்துக்கிட்டு கொழும்புல பார்ட்ஸ் விக்கிற பஞ்சிகாவத்தைக்கு போய் சென்சார் வாங்கியாந்து போட்டேன். மூணு நாளு லைட்டு இல்ல, நாலாவது நாளு கொட்டகலை தாண்டுறதுக்குள்ள திரும்ப வந்துருச்சு. கடசில பாத்தா பொகை பைப்பு என்ஜினோட சேர்ற எடத்து மெனிபோல்ட் கேஸ்கட் லேசா வெடிச்சிருக்கு, சென்சார் மேல ஒரு குத்தமும் இல்ல. உன் ரெண்டு மாச டியூஷன் நின்னது இன்னைக்கும் எனக்கு மனசுல உறுத்துது.

அந்த சென்சார் வேற ஒண்ணும் இல்ல, சைலன்சர் பைப்புல நின்னு பொகையில எவ்ளோ ஒக்சிஜன் மிச்சம் இருக்குன்னு மோந்து பாக்குற ஆளு. ஒரு கிராம் பெற்றோலுக்கு 14.7 கிராம் காத்து, அந்த கணக்கு தப்புதா இல்லையான்னு கம்ப்யூட்டருக்கு சொல்றது அது தான். கன்வர்ட்டர்னு பொகைய சுத்தம் பண்ற டப்பா இருக்கு, அதுக்கு முன்னால ஒரு சென்சார், பின்னால ஒரு சென்சார். 0131ன்னா முன் சென்சார்லருந்து வோல்ட் கொறைவா வருதுன்னு மட்டும் தான் அர்த்தம், ஏன்னு அந்த கோட் சொல்லாது. பொகை பைப்புல சென்சாருக்கு முன்னால ஓட்டை இருந்தா வெளிக்காத்து உள்ள இழுக்கும், சென்சார் அந்த காத்தயும் சேத்து மோந்துட்டு பெற்றோல் பத்தலன்னு சொல்லும், கம்ப்யூட்டர் அத நம்பி இன்னும் ஊத்தும். நீ பெற்றோல் சீக்கிரம் முடியுதுன்னு சொன்னியே, அது இதனாலயும் இருக்கலாம்.

அதனால முதல்ல காலையில என்ஜின் நல்லா ஆறி இருக்கறப்ப பொனட்ட தொறந்து வச்சிட்டு ஸ்டார்ட் பண்ணி காது குடு. டிக் டிக்னு சத்தம் வந்து சூடானதும் கொறைஞ்சா பொகை ஒழுகுதுன்னு வச்சிக்க, அந்த எடத்துல கரி கூட படிஞ்சிருக்கும். அப்பறம் என்ஜின ஓஃப் பண்ணிட்டு சென்சார் வயர் போற கனெக்டர கழட்டி பாரு. தீபாவளிக்கு வந்தப்ப வட்டவளையில கொட்டுற மழையில தானே லைட்டு வந்துச்சுன்ன, தண்ணி பூந்து பின்னு பச்சை புடிச்சிருந்தா அத தொடச்சி சுத்தம் பண்ணாலே சரியாகலாம். கோட் 0135ன்னு இருந்தா தான் சென்சார சூடாக்குற ஹீட்டர் பக்கம், அதுக்கும் முதல்ல பியூஸ பாரு.

இப்ப சொல்றது முக்கியம். கூட வேலை செய்ற தம்பிகிட்ட ப்ளூடூத் ஸ்கேனர் இருக்குன்னியே, அத வாங்கிக்க. என்ஜின் நல்லா சூடானதும் முன் சென்சார் 0.1 வோல்டுக்கும் 0.9 வோல்டுக்கும் நடுவுல ஓயாம ஏறி எறங்கணும், பின் சென்சார் 0.6, 0.7ன்னு அசையாம நிக்கணும். உன் கார் பழசு, அதுல இந்த கணக்கு சரி, புது கார் கொஞ்சத்துல முன்னால வேற மாதிரி சென்சார் போட்டிருக்கும், அதுக்கு இது ஒத்துவராது. அடுத்த தரம் ஊருக்கு வர்றப்ப கினிகத்தேனை ஏத்தத்துல நல்லா மிதிச்சா 0.9 கிட்ட போகணும், திரும்பி போறப்ப அதே எறக்கத்துல சின்ன கியர்ல கால எடுத்தா பெற்றோல் நின்னுரும், அப்ப 0.1 கிட்ட விழணும். ரெண்டும் டக்குனு நடந்தா சென்சார் உசுரோட தான் இருக்கு. ஏத்தத்துலயும் மேல வராம கீழயே கெடந்தா, ஒழுகலும் இல்ல வயரும் நல்லா இருக்குன்னா, அப்ப மாத்து, நானே காசு தர்றேன். ஆனா ஸ்கேனர் கணக்கு வர்ற போன் ஸ்கிரீன பக்கத்துல இருக்கறவங்க தான் பாக்கணும், நீ ரோட்ட பாரு, அந்த வளைவு உனக்கே தெரியும்.

மலைக்கு ஏறுனா காத்து கம்மி அதான் லைட்டு வருதுன்னு யாராச்சும் சொன்னா கேக்காத. நுவரெலியா 1,868 மீட்டர் ஒசரம், அங்க தெனம் எத்தன கார் ஓடுது, காத்து கொறைஞ்சா கம்ப்யூட்டரே பெற்றோல கொறைச்சுக்கும்.

லைட்டு அணையட்டும்னு பேட்டரி வயர கழட்டிடாத, கோட் வந்த நேரத்துல என்ஜின் எப்படி இருந்துச்சுன்னு பதிஞ்சி வச்சிருக்கும், அது அழிஞ்சி போயிரும். லைட்டு மினுக்கு மினுக்குன்னு மின்னுனா மட்டும் ஓட்டாத, ஓரமா நிப்பாட்டிட்டு எனக்கு போன் எடு, அது மிஸ்பயர், பெற்றோல் சரியா எரியாம வெளிய போகுதுன்னு அர்த்தம், கன்வர்ட்டரயே எரிச்சிரும்.

கராஜ்ல பொம்பள புள்ளன்னு ஒரு மாதிரி பாத்தா கூச்சப்படாத, எதப் பாத்து சென்சார்னு சொல்றீங்க, லைவ் டேட்டாவ, அந்த ஏறி எறங்குற வோல்ட் கணக்க காட்டுங்கன்னு கேளு. காட்டலன்னா வண்டிய எடுத்துட்டு வந்துரு.

என் மல்டிமீட்டரும் 22 ஸ்பேனரும் அம்மா பழைய சேலைத்துணியில சுத்தி வச்சிருக்கா, வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸுல குடுத்து விடுறேன். அட்டன்லருந்து கெளம்புனதும் போன் பண்றேன், பஸ் ஸ்டாண்டுல வந்து நில்லு.

அப்பா