தேய்ந்த தட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள்

பழைய இசைத்தட்டுகளைச் சேகரித்துப் பாதுகாக்கும் தமிழக நூலகங்கள், ஆவணக் காப்பகங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஒரு பாட்டுக்கு ஒரு பிரதி, அதிலும் தேயாத பிரதி என்று பார்த்து எடுக்கும் பழக்கம் இசைத்தட்டுச் சேகரிப்பில் இருக்கிறது. ஒலியைக் காப்பாற்ற அது சரியான வழிதான். ஆனால் அந்தத் தட்டோடு வாழ்ந்த வீட்டைப் பற்றி அதில் ஒன்றும் மிஞ்சாது. தேய்ந்த தட்டையும், அதை ஓட்டிய குடும்பத்தின் கதையோடு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

78 சுற்றுத் தட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும், அரக்கும் கல்மாவும் கலந்து செய்தது, பத்து அங்குலம், பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. எஃகு ஊசியைப் பக்கத்துக்கு ஒன்றாக மாற்ற வேண்டும். எங்கள் வீட்டில் காசு பார்த்து ஒரே ஊசியில் ஏழெட்டுப் பாட்டு ஓட்டுவார்களாம். அப்படி ஓட்டினால் பள்ளம் அரைபட்டு, கறுப்பு போய்ச் சாம்பல் நிறம் தட்டிவிடும். நீங்கள் ஒதுக்குவது அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்த்துத்தான். அந்த வீட்டில் எந்தப் பாட்டை விரும்பிக் கேட்டார்கள் என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி வேறு எங்கே கிடைக்கும்? விற்பனைக் கணக்கு, எத்தனை தட்டு போனது என்று சொல்லும். வாங்கியவர் அதை என்ன செய்தார் என்று தட்டுதான் சொல்லும்.

எங்களிடம் நாடக மேடைப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பாவின் தட்டு ஒன்று இருக்கிறது. அவர் 1933இல், முப்பது வயதுகூட ஆகாமல் இறந்துபோனார். பேசும்படத்தில் நடிக்கவில்லை. மேடையில் அவரைக் கேட்டவர்கள் போன பிறகு, அவர் குரல் இந்த அரக்குத் தட்டுகளில்தான் தங்கியிருக்கிறது. எங்கள் தட்டில் ஒரு பக்கம் நன்றாக வெளுத்திருக்கிறது, மறுபக்கம் இன்னும் பளபளக்கிறது. காரணம் அத்தைக்குத் தெரியும். அப்பத்தாவின் தம்பி ரங்கூனுக்குக் கப்பல் ஏறும் முன் வாங்கிக் கொடுத்த தட்டு அது. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது ஜனங்கள் காட்டு வழியாக நடந்தே கிளம்பினார்களே, அதில் அவரும் கிளம்பினார் என்று சேதி வந்தது. வீடு வந்து சேரவில்லை. அதற்கப்புறம் மத்தியானம் ஆண்கள் வெளியே போனதும் அப்பத்தா அந்த ஒரு பக்கத்தை மட்டும் வைப்பாராம். பாட்டுப் பெட்டிக்குச் சாவி கொடுப்பது சிறுபிள்ளையாக இருந்த அத்தையின் வேலை. பாட்டு முடியும்வரை அப்பத்தா ஒரு வார்த்தை பேச மாட்டார், அழவும் மாட்டார் என்று அத்தை சொல்வார். நாடகம் பார்க்கப் பெண்களை அனுப்பாத வீடு அது. கிட்டப்பாவை அப்பத்தா கண்ணால் பார்த்ததே இல்லை.

இந்தத் தட்டையும் மற்றவற்றையும் கொடுக்கலாம் என்று ஓரிடத்தில் கேட்டோம். பட்டியலைப் பார்த்துவிட்டு, இவையெல்லாம் ஏற்கெனவே இதைவிட நல்ல நிலையில் இருக்கின்றன என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். இடமும் ஆளும் போதவில்லை என்பதும் புரிகிறது. ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. அவர்களிடம் இருப்பது கிட்டப்பாவின் பாட்டு. எங்கள் தட்டில் கிட்டப்பாவோடு அப்பத்தாவும் இருக்கிறார்.

நல்ல வேலை நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரில் ஒரு தனிமனிதர் தேடித் தேடிச் சேர்த்த சேகரிப்பிலிருந்து 1994இல் உருவானது. பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டம் ஒன்றின் கீழ் வேறு சிலர் ஓடியன் கம்பெனியின் இந்தியத் தட்டுகளை எண்ம வடிவில் மாற்றியிருக்கிறார்கள். பொறுமையான ஆட்கள் செய்த வேலை இது. வேகம் சற்று மாறினாலே சுருதி மாறிவிடும். பிற்காலத்தில் வந்த எல்பி தட்டின் ஊசி 78க்கு ஆகாது. ஸ்பிரிட்டால் துடைத்தால் அரக்கே கரைந்துவிடும். இவ்வளவும் தெரிந்து வேலை செய்கிறவர்கள், தட்டு கொண்டுவருபவரிடம் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசினால் எவ்வளவு கிடைக்கும்!

நான் கேட்பது பெரிய செலவில்லை. தட்டு வரும்போது உறையைத் தூக்கிப் போடாமல் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். கடை முத்திரை, பென்சிலில் எழுதிய பெயர், யார் கல்யாணத்துக்கு வந்தது என்ற குறிப்பு எல்லாம் அதில்தான் இருக்கும். கீறலும் இரைச்சலும் நீக்கிய பதிவை வெளியிடுங்கள், நீக்காத பதிவையும் பக்கத்திலேயே வையுங்கள். எங்கள் வீட்டில் ஊசி தாவும் இடத்தில் நாங்களும் தாவித்தான் பாடுவோம். கொடுப்பவரின் பேச்சைக் கைப்பேசியிலாவது பதிவு செய்து தட்டின் எண்ணோடு இணையுங்கள். தட்டை வைக்க இடமில்லையென்றால் இவற்றை எடுத்துக்கொண்டு தட்டை வீட்டுக்கே திருப்பிக் கொடுங்கள், வருத்தமில்லை.

உரிமைச் சிக்கல் வரும் என்று தயங்க வேண்டாம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவுக்கான உரிமை அது வெளியான ஆண்டுக்கு அடுத்த 60 ஆண்டுகளோடு முடிகிறது. 78 சுற்றுத் தட்டுகளில் பெரும்பாலானவை அந்த எல்லையைத் தாண்டிவிட்டன. பாட்டெழுதியவர், இசையமைத்தவர் உரிமையைத் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும். குடும்பத்தாரின் பேச்சைப் பதிவு செய்ய அவர்கள் சம்மதம் போதும்.

மைக் செட் வைத்திருந்தவர்களை மறந்துவிடாதீர்கள். ஊர்த் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் புனல் ஒலிபெருக்கி கட்டிப் பாட்டு வைத்தவர்கள் அவர்கள். பெண் அழைப்புக்கு எது, தாலி கட்டி முடிந்ததும் எது, சாப்பாட்டுப் பந்தியில் எது என்று அவர்கள் கையில் ஒரு வரிசை இருந்தது. எந்தச் சினிமா வசன ரெக்கார்டை எந்த ஊரில் திரும்பத் திரும்பக் கேட்டார்கள் என்றும் சொல்வார்கள். அவர்கள் தட்டுகள் எல்லாவற்றையும்விட அதிகமாகத் தேய்ந்திருக்கும். சேகரிப்பாளர்கள் கையால் தொட மாட்டார்கள். அந்த மனிதர்களில் இன்னும் இருப்பவர்கள் எண்பதைத் தொட்டவர்கள். மாவட்டத்துக்கு ஒருவரையாவது இந்த ஆண்டே தேடிப் போய்ப் பார்த்து, அவர் பெட்டியைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு தட்டாக எடுத்துக் காட்டிக் கேளுங்கள்.

அன்புடன்,
சிவகங்கை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர்