காட்டியதெல்லாம் பார்த்ததாகிவிடுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் இணைய விளம்பரம் பற்றி வந்த கட்டுரையில், 'இந்த விளம்பரத்தைப் பத்து லட்சம் பேர் பார்த்தனர்' என்று ஒரு வரி இருக்கிறது. கட்டுரையாளர் கைக்கு வந்த அறிக்கையில் 'பத்து லட்சம் இம்ப்ரெஷன்' என்றுதான் இருந்திருக்கும். அதை அவர் 'பேர்' ஆக்கி, 'பார்த்தனர்' என்று ஒரு வினையையும் சேர்த்துவிட்டார். இரண்டுமே தவறு. ஒரு வரிக்கு இத்தனை கோபமா என்று நினைத்துவிடாதீர்கள். அப்படிப்பட்ட அறிக்கைகளைப் பதினோரு ஆண்டுகள் தயாரித்து அனுப்பியவள் நான்.

இம்ப்ரெஷன் கணக்கில் ஆள் என்பவரே கிடையாது. விளம்பரம் ஒரு முறை பக்கத்தில் வந்து இறங்கினால் ஒன்று. ஒரே ஆள் அந்தப் பக்கத்தை இருபது முறை திறந்தால் இருபது. பக்கத்தின் அடியில், அவர் எட்டியே பார்க்காத மூலையில் கிடந்த விளம்பரத்துக்கும் நெடுங்காலம் கணக்கு எழுதினோம். அது சரியில்லை என்று எல்லோரும் கேட்கத் தொடங்கிய பிறகுதான் 'வியூவபிள் இம்ப்ரெஷன்' என்ற அளவு வந்தது. அமெரிக்காவின் மீடியா ரேட்டிங் கவுன்சில் வகுத்த அந்த அளவுப்படி, சாதாரணப் பட விளம்பரத்தின் பிக்சல்களில், அதாவது திரையில் படத்தை உருவாக்கும் புள்ளிகளில், பாதி தொடர்ந்து ஒரு விநாடி திரையில் இருந்தால் போதும். வீடியோவுக்கு இரண்டு விநாடி. அந்த ஒரு விநாடியில் உங்கள் கண் எங்கே இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. 'வியூவபிள்' என்றால் பார்க்கக்கூடியது, அவ்வளவுதான். பார்த்தார்கள் என்று சொல்ல அந்தத் தொழிலே துணியாதபோது, உங்கள் கட்டுரை துணிந்து சொல்லிவிட்டது.

உங்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஓர் இதழ் எத்தனை பிரதி அச்சாகிறது, எத்தனை விற்கிறது, எத்தனை திரும்பி வருகிறது என்று உங்களுக்கு அத்துப்படி. அச்சிட்ட பிரதிகளின் எண்ணிக்கையை வாசகர்களின் எண்ணிக்கை என்று நீங்கள் ஒருநாளும் எழுதமாட்டீர்கள். சொந்த வீட்டுக் கணக்கில் இருக்கும் அந்த நேர்மை, இணையக் கணக்கைச் சொல்லும்போது எங்கே போனது?

விளம்பரத்தைத் தட்டி உள்ளே போவதை எண்ணும் கிளிக் விஷயம் இன்னும் மோசம். சிறு தொழில் நடத்தும் ஓர் அம்மா, நான் அனுப்பிய மாத அறிக்கையைப் படித்துவிட்டு எனக்கு போன் செய்தார். "நாலாயிரம் பேர் வந்து பார்த்திருக்காங்கன்னு போட்டிருக்கீங்க. ஒருத்தர்கூட என்னைக் கூப்பிடலையேம்மா. நான் ஏதாவது தப்பா எழுதிட்டேனா?" என்று கேட்டார். தன் விளம்பர வாசகத்தில்தான் குறை என்று அவர் நினைத்துவிட்டார். அன்று மாலை இணையதளத்தை இயக்கும் கணினியான சர்வரின் பதிவுகளைத் திறந்து வரிவரியாகப் பார்த்தேன். நள்ளிரவு தாண்டிய நேரம், ஒரே கணினி முகவரி, சீரான இடைவெளியில் கிளிக், கிளிக், கிளிக். வந்த வேகத்தில் ஒரு விநாடிக்குள் போய்விட்டிருந்தது. மனிதர்கள் அப்படி வந்துபோக மாட்டார்கள். மேலதிகாரியிடம் காட்டினேன். "கிளிக் கிளிக்தான், அறிக்கையை மாற்றாதே" என்றார். அந்த அம்மாவைத் திரும்ப அழைத்து, உங்கள் எழுத்தில் தவறில்லை என்று மட்டும் சொன்னேன். மீதியைச் சொல்ல எனக்கு அன்று தைரியம் இல்லை. அந்த அறிக்கையில் 'பேர்' என்று தட்டச்சு செய்தது என் விரல்கள்தான். அதனால்தான் உங்கள் வரியைக் கண்டதும் எனக்கு உடம்பு கொதித்தது.

இது எங்கோ ஓர் அலுவலகத்தில் நடந்த சின்னச் சங்கதி என்று தள்ளிவிட முடியாது. 'மெத்பாட்', 'ஈவ்' என்ற இரண்டு இணைய விளம்பர மோசடிகள் தொடர்பாக 2018 நவம்பரில் அமெரிக்க நீதித்துறை எட்டுப் பேர் மீது குற்றம் சாட்டியது. முதல் மோசடியில் 1,900க்கும் அதிகமான சர்வர்களை வாடகைக்கு எடுத்து, மனிதர்கள் இணையத்தில் உலவுவதுபோல் நடிக்க வைத்திருந்தார்கள். இல்லாத மவுஸ் நகர்ந்தது, பக்கம் கீழே உருண்டது, வீடியோ பாதியில் நின்று மறுபடி ஓடியது. இரண்டாவதில் 17 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள், உரியவர்களுக்குத் தெரியாமலேயே விளம்பரங்களைத் திறந்துகொண்டிருந்தன. அவையும் ஏதோ ஓர் அறிக்கையில் 'பார்த்தவர்கள்' ஆகியிருக்கும்.

'யூனிக் யூசர்' என்ற இன்னொரு சொல்லை உங்கள் கட்டுரையாளர் 'தனித்தனி வாசகர்' என்று எழுதியிருக்கிறார். பெரும்பாலும் எண்ணப்படுவது ஆள் இல்லை, நாம் இணையப் பக்கங்களைத் திறக்கும் பிரவுசரில் தளங்கள் அடையாளத்துக்கு வைக்கும் சிறு கோப்பான குக்கி. ஒரே பெண் காலையில் போனிலும் பகலில் கணினியிலும் படித்தால் இரண்டு பேர். குக்கியை அழித்துவிட்டு வந்தால் மூன்றாவது ஆள். ஒரே கணினியில் வீடே படித்தாலும் ஒருவர்.

எழுதத் தொடங்கிவிட்டதால் பழைய ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் குக்கி பற்றிய உங்கள் கட்டுரை, அது 'நம் வசதிக்காக வைக்கப்படும் சிறு கோப்பு' என்று முடித்துக்கொண்டது. 1994இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் லூ மாண்டுலி என்ற பொறியாளர் அதை உருவாக்கியபோது அது வசதிக்காகத்தான். நாம் கூடையில் போட்ட பொருளைத் தளம் மறக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் தேவை. ஆனால் ஒரு பக்கத்தைத் திறந்தால் அதில் பத்துப் பதினைந்து வேறு நிறுவனங்களின் நிரல் துண்டுகளும் சேர்ந்து வருகின்றன. நாம் போகவே போகாத அந்த நிறுவனங்கள் வைக்கும் குக்கி யாருடைய வசதிக்கு? கண்காணிப்புப் பிக்சல் என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி உங்கள் இதழில் ஒரு வரியும் வந்ததில்லை. ஒரு பிக்சல் அகலம், ஒரு பிக்சல் உயரம், நிறமே இல்லாத படம். யார் கண்ணிலும் படக்கூடாது என்பதற்காகவே செய்யப்பட்ட படம். அது சர்வரிலிருந்து இறங்கும் கணத்தில், நாம் இன்ன பக்கத்தை இன்ன நேரத்தில் திறந்தோம் என்பது அங்கே பதிவாகிவிடும். தமிழில் இதற்கு வேவு என்று பெயர்.

என் அம்மாவின் கடைசி மாதத்தில், அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு நள்ளிரவில் அந்த நோயின் பெயரைப் போனில் தேடினேன். இரண்டு பக்கங்கள் படித்திருப்பேன். அடுத்த நாளிலிருந்து செய்தி படித்தாலும், சமையல் குறிப்பு படித்தாலும், அந்த நோய்க்கான விளம்பரம் வந்து நின்றது. அம்மா போன பிறகும் வந்தது. காரியம் முடிந்த அன்று மாலை உறவினர்களுக்குச் செய்தி அனுப்பப் போனை எடுத்தேன், அப்போதும் வந்தது. இதற்கு எங்கள் தொழிலில் 'ரீடார்கெட்டிங்' என்று பெயர். மறுபடி குறிவைப்பது. உங்கள் கட்டுரை அதை 'வாசகரின் விருப்பமறிந்து வழங்கும் விளம்பரம்' என்று எழுதியிருக்கிறது. என் விருப்பம் அது இல்லை, ஐயா.

குக்கி வைக்க நம்மிடம் கேட்கும் 'சம்மதம்' என்ற சொல்லையும் நீங்கள் அப்படித்தான் கையாளுகிறீர்கள். 'ஏற்கிறேன்' என்ற பொத்தானைப் பெரிதாக, பளிச்சென்று வைத்துவிட்டு, மறுப்பதை மூன்று திரைகளுக்கு உள்ளே ஒளித்துவைத்தால் அது சம்மதமா? மறுப்பதும் ஏற்பதைப் போலவே எளிதாக இருக்க வேண்டும் என்று சொல்லித்தான், பிரான்சின் தரவுப் பாதுகாப்பு அமைப்பான சி.என்.ஐ.எல். கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததாக 2022 ஜனவரியில் அறிவித்தது. தன் பிரவுசரான குரோமில் மூன்றாம் தரப்புக் குக்கிகளை, அதாவது நாம் திறந்த தளம் அல்லாத பிற நிறுவனங்கள் வைப்பவற்றை, ஒழிப்போம் என்று 2020இல் கூகுள் சொன்னபோது 'குக்கியின் காலம் முடிந்தது' என்று தலைப்பிட்டீர்கள். 2024 ஜூலையில் அந்த முடிவை அவர்கள் மாற்றிக்கொண்டதை ஒரு பெட்டிச் செய்தியாகக்கூடப் போடவில்லை.

ஒற்றுப்பிழையைக்கூடப் பொறுக்காத இதழ் என்று பல ஆண்டுகளாக உங்களை மதித்து வருகிறேன். எழுத்துப் பிழையைச் சுட்டி வந்த கடிதங்களைப் பிரசுரித்து, வருத்தமும் தெரிவித்திருக்கிறீர்கள். இது எழுத்துப் பிழையைவிடப் பெரிது. எனக்கு போன் செய்த அந்தச் சிறு தொழில் அம்மாவைப் போன்றவர்கள் உங்கள் இதழைப் படித்துத்தான் விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்குகிறார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் 'பத்து லட்சம் பேர் பார்த்தனர்' என்பதை 'பத்து லட்சம் முறை காட்டப்பட்டது' என்று திருத்தி ஒரு குறிப்பு போடுங்கள். இதே பொருள் பற்றி முன்பு எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. இதையும் வெளியிட இடமில்லையென்றால் பரவாயில்லை, அந்தத் திருத்தம் மட்டுமாவது வரட்டும்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி